லேப்ரடார் எதை எடுத்துவரப் பிறந்தது? கௌதாரியும் துப்பாக்கியும் நெல்லைச் சீமை நாய்களும்

பாளையங்கோட்டையில எந்தத் தெருவுக்குள்ள போனாலும் ஒரு லேப்ரடார் இரும்பு கேட்டுக்குப் பின்னால நின்னு வாலாட்டும். அதோட முழுப் பெயர் லேப்ரடார் ரெட்ரீவர். ரெட்ரீவர்னா எடுத்து வருவதுன்னு அர்த்தம்.

எதை எடுத்து வர? பந்தையா? வாசல்ல கிடக்கிற செருப்பையா?

சுட்டு விழுந்த பறவையை.

இன்னொன்னும் சொல்றேன். அந்த நாய் ஒரு ஜோடியில பாதிதான். மீதிப் பாதி பாயின்டர், செட்டர்ங்கிற நாய்கள். அவற்றை நம்ம ஊர்ல பார்த்திருக்கவே மாட்டீங்க. ஏன் அந்தப் பாதி இங்க வேர் பிடிக்கல, நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் ஏன் வேற மாதிரி உருவாச்சு, வேட்டை நின்ன பிறகு இந்த நாய்களோட உடம்புக்கு என்ன ஆச்சு, இதுதான் இந்த இழை. நீளம் அதிகம். டீ போட்டுட்டு வாங்க மக்களே.

முதல்ல அந்த ஜோடி எப்படி வேலை பார்க்கும்னு பார்ப்போம்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மேட்டு நிலங்கள்ல கௌதாரி மாதிரியான பறவைகள் புல்லுக்குள்ள அசையாமப் பதுங்கிக் கிடக்கும். மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. பாயின்டரைக் காற்றுக்கு எதிரா ஓட விடுவாங்க. அது வலமும் இடமுமா நிலத்தை அளந்துக்கிட்டே ஓடும். மோப்பம் கிடைச்ச நொடியில அப்படியே கல்லாயிடும். ஒரு முன்னங்கால் மடிஞ்சு தூக்கியபடி, வால் கம்பி மாதிரி நீட்டியபடி, மூக்கு பறவை இருக்கும் திசையைக் காட்டியபடி நிக்கும். கூட வந்த இன்னொரு பாயின்டர் இதைப் பார்த்தா அதுவும் இருந்த இடத்திலேயே நின்னுடும். தனக்கு மோப்பம் கிடைக்காட்டியும் நிக்கும்!

துப்பாக்கிக்காரர் நிதானமா நடந்து வருவார். பறவை எழும்பும். சுடுவார். வெடிச் சத்தம் கேட்டதும் பாயின்டர் அப்படியே படுத்துக்கணும், ஓடக் கூடாது. அதுவரைக்கும் எஜமானர் காலடியில அமைதியா இருந்த ரெட்ரீவருக்கு இப்பத்தான் வேலை. பறவை விழுந்த இடத்தை அது கண்ணால குறிச்சு வச்சிருக்கும். போகும், தேடும், இறக்கை மட்டும் அடிபட்டு ஓடிப் பதுங்கிய பறவையைக்கூடக் கண்டுபிடிக்கும், பல் பதியாம வாயில கவ்விக்கிட்டு வந்து கையில கொடுக்கும்.

ஏன் ரெண்டு நாய்? ஒரே நாய் ரெண்டு வேலையையும் பார்த்தா என்ன?

பிரிட்டிஷ்காரர்கள் கட்சி: பாயின்டருக்கு எடுத்துவரும் ருசி காட்டிட்டா, அடுத்த முறை அது பொறுமையா நிக்காது, பாஞ்சிடும். அதனால கண்டுபிடிப்பது ஒருத்தர், எடுத்துவருவது இன்னொருத்தர். ஜெர்மன்காரர்கள் இதை ஒத்துக்கல. கண்டுபிடிக்க, நின்னு காட்ட, எடுத்துவர எல்லாத்துக்கும் ஒரே நாய் போதும்னு 19-ஆம் நூற்றாண்டில தனி இனங்களையே உருவாக்கினாங்க. எங்க மொழியில சொன்னா, இங்கிலாந்து ஸ்பெஷலிஸ்ட் பக்கம், ஜெர்மனி குடும்ப டாக்டர் பக்கம். அந்தச் சண்டை எங்க தொழில்லயும் இன்னும் முடியல, அதை விடுங்க.

இதுல உடலியல் ரொம்ப அழகானது.

ஓநாயோட வேட்டை ஒரு வரிசை. கவனிப்பது, உற்றுப் பார்த்து உறைவது, பதுங்கி நெருங்குவது, விரட்டுவது, கவ்வுவது, கொல்வது, தின்பது. நாய் இனங்களை உருவாக்கினவங்க இந்த வரிசையை எங்கயோ இழுத்திருக்காங்க, எங்கயோ வெட்டியிருக்காங்க. பாயின்டர்ல உறையும் கட்டத்தை இழுத்து நீட்டியாச்சு, அடுத்த கட்டத்துக்குப் போகவே மனசு வராது. ரெட்ரீவர்ல கவ்வுவது மட்டும் பலமா இருக்கு, கொல்லும் கடி வெட்டப்பட்டிருக்கு. உங்க வீட்டு லேப்ரடார் செருப்பைத் தூக்கிட்டு வந்து பெருமையா உங்க முன்னால வைக்குதே, அதுக்கு யாரும் கத்துக் கொடுக்கல. ரத்தத்துல வந்தது.

சிப்பிப்பாறை? அதுக்கு விரட்டு, கவ்வு, கொல்லு எல்லாமே முழுசா இருக்கு. நின்னு காட்டுறது மட்டும் கிடையாது. முயல் எழும்பினா அது நின்னு உங்களுக்குச் சைகை காட்டாது. நீங்க திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள நூறு கெஜம் போயிருக்கும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் நாய் இல்ல, ஆயுதம். இந்த இழையில நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம் இதுதான்.

செட்டர்ங்கிற நாய் துப்பாக்கிக்கு முன்னாடியே ஐரோப்பாவுல இருந்தது. அப்ப அது பறவைக்கு முன்னால தரையோடு தரையா ஒடுங்கிப் படுக்கும். பின்னால வர்ற ரெண்டு பேர் பெரிய வலையை விரிச்சு நாய்க்கும் பறவைக்கும் மேலேயே இழுத்துப் போட்டுடுவாங்க. நாய் நிமிர்ந்து நின்னா வலைக்கு இடைஞ்சல், அதனால படுக்கும். பாயின்டர் ஸ்பெயின் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கியில மருந்தும் ரவையும் குழாய் வாய் வழியா இடிச்சு நிரப்பணும். ஒரு தடவை சுட்டா அடுத்த வெடிக்கு நேரமாகும். அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு, பறவை எங்கே இருக்குன்னு முன்கூட்டியே காட்டி, ஆள் வந்து சேரும்வரை காத்திருக்கும் நாய் வேணும். பாயின்டரோட பொறுமைங்கிறது அந்தத் துப்பாக்கியோட மந்தம்தான்.

பிறகு, பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி வந்தது. பிரான்ஸ்ல உருவான அந்த வகை 1851 லண்டன் பெருங்கண்காட்சியில வச்ச பிறகு இங்கிலாந்துல வேகமாப் பரவுச்சு. இப்ப வரிசையா நின்னு சுட்டுத் தள்ளலாம். விழும் பறவைகள் பெருகின. பொறுக்கி எடுக்க ஆள் போதல. ரெட்ரீவருக்குக் கிராக்கி வந்தது. கோல்டன் ரெட்ரீவர் இனத்துக்கு அடித்தளமான குட்டிகள் ஸ்காட்லாந்தில ட்வீட்மவுத் பிரபு வீட்டில பிறந்தது 1868-ல். லேப்ரடாரைக் கென்னல் கிளப் தனி இனமா ஏத்துக்கிட்டது 1903-ல். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோட நாயிலிருந்து வந்த இனம் அது. தண்ணியைக் கண்டா ஏன் குதிக்குதுன்னு இப்பப் புரியுதா?

இப்போ நம்ம பக்கம் வருவோம்.

பொதிகையில பிறந்து புன்னைக்காயல்ல கடல்ல சேருற தாமிரபரணியோட ரெண்டு கரையிலும் வயலும் குளமும். அதைத் தாண்டி ரெண்டு பர்லாங்கு மேலே ஏறினா மானாவாரிக் காடு. இன்னும் வடக்கே போனா கோவில்பட்டி கரிசல். மேற்கே மலையடிவாரம். பறவை வேட்டைக்காரன் கண்ணுல இது மூணு தனித்தனி நாடு. பிசானத்துல நெல் நட்டு நிக்கிற காலத்துல வயல்ல உள்ளான் வந்து இறங்கும். குளத்துல கிளுவையும் மத்த வாத்துகளும். மேட்டுல கௌதாரியும் காடையும். அடிவாரப் புதர்ல சாம்பல் காட்டுக்கோழி.

இந்தப் பறவைகளை முறையா எழுதி வச்சவங்கள்ல முக்கியமானவர் ஒரு டாக்டர்ங்கிறதை நான் கொஞ்சம் பெருமையோடவே சொல்லிக்கிறேன். டி. சி. ஜெர்டன், மதராஸ் ராணுவத்துல சர்ஜன். இவரோட 'இந்தியப் பறவைகள்' நூல் 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. அதுக்குப் பிறகு ஹ்யூமும் மார்ஷலும் சேர்ந்து வேட்டைப் பறவைகளுக்குன்னே மூணு பாகம் போட்டாங்க, 1879-லிருந்து 1881-க்குள்ள. நம்ம கௌதாரியோட அறிவியல் பெயரில பாண்டிச்சேரி இருக்கு. 'பாண்டிசெரியானஸ்'. காட்டுக்கோழியோட அறிவியல் பெயரில சொன்னராத்ங்கிற பிரெஞ்சுக்காரர் இருக்கார். அந்தச் சேவலோட கழுத்து இறகு, மெழுகு பூசின மாதிரிப் புள்ளி போட்டு மின்னும். ஐரோப்பாவுல தூண்டில் மீன் பிடிக்கிறவங்க பொய்ப்பூச்சி கட்ட அந்த இறகைத்தான் தேடினாங்க. அதுக்காகவே கொன்ன கோழிகள் ஏராளம்.

பாயின்டரும் ஸ்பானியலும் வெள்ளைக்கார அதிகாரிகளோட கப்பலேறி இந்தியா வந்தன. அவற்றுக்கு இங்க முதல் தலைவலி கௌதாரிதான். இங்கிலாந்துப் பறவை மாதிரி இது பதுங்கிக் கிடக்காது. கால் இருக்கும்போது இறக்கை எதுக்குன்னு ஓடும். நாய் மோப்பம் பிடிச்சு நிக்கும். அந்த நேரத்துல கௌதாரி உடைமரத்துக்கு அடியில புகுந்து இண்டம்புதர் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கும். நின்னு காட்டுற நாய்க்கு நின்னு கொடுக்கிற பறவை வேணும்!

அடுத்தது வெயில். மோப்பம் ஈரத்துல தங்கும், காய்ஞ்ச மண்ணுல சீக்கிரம் போயிடும். நெல்லை வெயில்ல காலை எட்டு மணிக்கு மேல தரையில என்ன மோப்பம் இருக்கும்? நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வியர்க்காது. மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளியேத்தணும். இயல்பான வெப்பமே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஓட்டத்துல 106-ஐத் தாண்டினா உயிருக்கு ஆபத்து. அடர்ந்த ரோமம் உள்ள செட்டரை இங்க ஓட விடுறது, கம்பளிக்கோட்டு போட்டவரை ஆனித் தேரிழுக்க விடுற மாதிரி. கூடவே பாதத்துல நெருஞ்சி, காதுல புல்லரிசி.

ஆனா இதையெல்லாம் விடப் பெரிய எதிரி உண்ணி.

1910-ல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல டபிள்யூ. எஸ். பேட்டன்ங்கிற ராணுவ மருத்துவர் ஒரு ஆய்வை வெளியிட்டார். சென்னையில அப்ப 'மதராஸ் ஹன்ட்'னு ஒரு குழு இருந்தது. குதிரையேறி, இங்கிலாந்து பாணியில நாய்க் கூட்டத்தை விட்டுக் குள்ளநரியை விரட்டுறது அவங்க பொழுதுபோக்கு. அந்த நாய்களோட ரத்தத்துல, சிவப்பணுக்குள்ள, பேட்டன் ஒரு புது ஒட்டுண்ணியைப் பார்த்தார். இன்னிக்கு அதுக்குப் பெயர் பபீசியா கிப்சோனி. மலேரியாக் கிருமி மாதிரியே சிவப்பணுவை உடைக்கும். காய்ச்சல், ரத்தசோகை, கண்ணு மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும். கொசுவுக்குப் பதில் இங்க உண்ணி.

அதே ஒட்டுண்ணியை அவர் வேற எங்க கண்டுபிடிச்சார் தெரியுமா? குள்ளநரியோட ரத்தத்துல.

யோசிச்சுப் பாருங்க. விரட்டுற நாயும் விரட்டப்பட்ட நரியும் ஒரே கிருமியைச் சுமந்திருக்கு. இந்த மண்ணுலயே தலைமுறை தலைமுறையா உண்ணிக்கடி வாங்கி வாழ்ற பிராணிக்கும் கிருமிக்கும் ஒரு மாதிரி உடன்பாடு உண்டாகும். கப்பல்ல புதுசா வந்து இறங்கின நாய்க்கு அந்த உடன்பாடு கிடையாது. கால்நடை மருத்துவப் புத்தகத்துல இன்னிக்கும் இருக்கிற ஒரு நோயோட வரலாறு, சென்னையில நடந்த வேட்டை விளையாட்டுலதான் தொடங்குது. இதை நான் மருத்துவம் படிச்ச காலத்துல யாரும் சொல்லல. சொல்லியிருந்தா ஒட்டுண்ணியியல் பாடத்துல இன்னும் கொஞ்சம் முழிச்சிருந்திருப்பேன்.

ரெட்ரீவர் பக்கம்? தென்னிந்தியாவுல துப்பாக்கி வேட்டைன்னா ஆட்கள்தான் பாதி நாய் வேலையைப் பார்த்தாங்க. உள்ளான் சுட வயல்ல சேத்துக்குள்ள வரிசையா நடந்து பறவையைக் கிளப்பினதும் கூலியாட்கள். விழுந்ததைத் தேடி எடுத்ததும் அவங்கதான். பேர் வாங்கினது துப்பாக்கி பிடிச்சவர். 'இன்னிக்கு இத்தனை ஜோடி சுட்டேன்'னு நாட்குறிப்புல எழுதுவார். முழங்கால் சேத்துல நடந்தவர் பேர் எந்த நாட்குறிப்புலயும் இருக்காது.

இப்போ நம்ம நாய்.

பத்துப்பாட்டுல பெரும்பாணாற்றுப்படைன்னு ஒரு நூல். அதுல வேட்டுவர்கள் நாயை விட்டுப் புதரைக் கலைச்சு, சுத்தி வலை கட்டி, முயலை அதுக்குள்ள ஓட வச்சுப் பிடிக்கிற காட்சி வருது. ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முந்தைய வேட்டைத் தொழில்நுட்பம்: நாய் கலைக்கும், வலை பிடிக்கும். ஐரோப்பிய செட்டரும் வலையோடதான் தொடங்குச்சுன்னு மேலே சொன்னேன் இல்லையா? ரெண்டு பக்கமும் தொடக்கம் கிட்டத்தட்ட ஒண்ணு. பிரிஞ்சது துப்பாக்கி வந்த பிறகு.

நம்ம வட்டாரத்துல பறவைக்கு நாய் அவ்வளவா வேணாம். கௌதாரிக்குக் கௌதாரியேதான் எதிரி. வளர்த்த சேவல் கௌதாரியைக் கூண்டுல வச்சுக் கத்த விடுவாங்க. 'யார்டா என் எல்லையில'ன்னு காட்டுச் சேவல் சண்டைக்கு வரும். சுத்திலும் கண்ணி. முடிஞ்சது கதை. துப்பாக்கி இல்ல, வெடிச் சத்தம் இல்ல, எடுத்துவர நாயும் வேணாம். பறவை இருக்கும் இடத்தைத் தேடிப் போகாம, பறவையைத் தன் இடத்துக்கு வரவழைக்கிற மூளை. ஐரோப்பாக்காரன் நாய்க்குள்ள வச்ச திறமையை நம்மாள் கூண்டுக்குள்ள வச்சான்.

(சின்ன எழுத்துப்பிழை எச்சரிக்கை: பொறிக்குக் கண்ணி, மூணு சுழி. நாய்க்குக் கன்னி, ரெண்டு சுழி. கறுப்பு உடம்புல பழுப்புக் கால் உள்ள அந்த நாயைக் கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாக் கொடுத்ததால கன்னின்னு பேர் வந்ததாச் சொல்வாங்க.)

நாய் வேணும்னது முயலுக்கும் பன்றிக்கும். முயலுக்குச் சிப்பிப்பாறை, கன்னி. ஒடுங்கின தலை, ஆழமான நெஞ்சுக்கூடு, உள்வாங்கின வயிறு, மெல்லிய தோல், ஒட்ட ரோமம். இந்த உடம்பைப் பார்த்தாலே தெரியும், இது மூக்கை நம்பின நாய் இல்ல, கண்ணை நம்பினது. கரிசல் வெட்டவெளியில மரம் கம்மி, பார்வை தூரம் போகும், பார்த்ததை ஓடிப் பிடிக்கலாம். ஒட்ட ரோமமும் மெல்லிய தோலும் சூட்டைச் சீக்கிரம் வெளியேத்தும். ராஜபாளையம் கனத்த எலும்பு, காட்டுப்பன்றிக்கும் வீட்டுக் காவலுக்கும். வெள்ளைக்காரன் அதுக்கு வச்ச பேர் 'பாளையக்காரர் நாய்'. ராஜபாளையம் இப்போ விருதுநகர் மாவட்டம். 1910-ல ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை அது திருநெல்வேலி ஜில்லாதான். அதனால உரிமை கொண்டாட எங்களுக்கும் பங்கு உண்டு.

இங்கேதான் ஆயுதம் மறுபடி வருது.

1799 அக்டோபர் 16-ல கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்கிலிட்டாங்க. 1801-ல ரெண்டாவது பாளையக்காரர் போர் முடிஞ்சதும் கோட்டைகளை இடிச்சாங்க, பாளையங்கள்ல ஆயுதத்தைப் பறிச்சாங்க. 1878-ல ஆயுதச் சட்டம். இந்தியர்கள் துப்பாக்கி வைக்க உரிமம் வேணும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. ஆக, துப்பாக்கி அதிகாரிகிட்டயும் ஜமீன் அரண்மனையிலயும் இருந்தது, கரிசல்காட்டுச் சம்சாரிகிட்ட இல்ல.

துப்பாக்கி இல்லாதவனுக்கு நின்னு காட்டுற நாயால என்ன பிரயோஜனம்? அது காட்டும், இவன் பார்ப்பான், பறவை பறந்துடும். அவனுக்குத் தேவை, தானே ஆயுதமா இருக்கிற நாய். சிப்பிப்பாறையும் கன்னியும் 1801-க்குப் பிறகு உருவானவைன்னு நான் சொல்லல, அந்த உடம்பு அதைவிட ரொம்பப் பழசு. ஆனா அந்த நாய்கள் நூத்தைம்பது வருஷம் கலப்பில்லாம, வேலைத் திறன் குறையாம நீடிச்சதுக்கு, சம்சாரி கையில துப்பாக்கி இல்லாததும் ஒரு காரணம்ங்கிறது என் கணிப்பு. பாயின்டர் ஒரு துணைக்கருவி. சிப்பிப்பாறை கருவியே.

சட்டங்களைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். 1887-ல காட்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டம், 1912-ல இன்னொன்னு. ரெண்டும் பெரும்பாலும் 'இனப்பெருக்க காலத்துல தொடாதே'ங்கிற அளவுதான். 1962-ல முண்டந்துறை புலிகள் சரணாலயம். 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1972-லயே எல்லா வேட்டையும் நின்னுடுச்சுன்னு பலர் நினைக்கிறாங்க. இல்ல. அந்தச் சட்டத்துல சிறு வேட்டைக்கு உரிமம் வாங்க வழி இருந்தது. 1991 திருத்தம்தான் அந்தக் கதவை அடைச்சது. இன்னிக்குக் கௌதாரியைச் சுடுறது மட்டுமில்ல, கண்ணி வைக்கிறது, முட்டையை எடுக்கிறது, கூண்டுல வளர்க்கிறது எல்லாமே குற்றம். சிப்பிப்பாறையை விட்டு முயல் பிடிக்கிற வீடியோவை ரீல்ஸ்ல போடுறவங்க, தங்களுக்கு எதிரான சாட்சியைத் தாங்களே தயார் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

இந்தச் சட்டம் தேவையானது, சந்தேகமே இல்ல. ஆனா அதோட பாரம் எல்லார் மேலயும் ஒரே மாதிரி விழல. பொழுதுபோக்குக்குச் சுட்டவர் துப்பாக்கியைச் சுவர்ல மாட்டிட்டு வேற பொழுதுபோக்குத் தேடிக்கிட்டார். கௌதாரியும் காடையும் பிடிச்சு வித்துச் சாப்பிட்ட நரிக்குறவர்களுக்குப் போனது அன்னாடச் சோறு. அவங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்த்தது 2023-லதான்.

(நீங்க செங்கோட்டை பார்டர் பரோட்டாவோட சாப்பிடுற காடை வேற. அது பண்ணையில வளர்ற ஜப்பானியக் காடை. 1974-ல இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பயப்படாமச் சாப்பிடுங்க. எண்ணெயைப் பத்தி மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க.)

இனி, வேலை போன நாய்களோட கதை.

இது முதல்ல நடந்தது இங்கிலாந்துல. 1859 ஜூன்ல நியூகாசில் ஊர்ல உலகத்தின் முதல் முறையான நாய்க் கண்காட்சி நடந்தது. கலந்துக்கிட்ட நாய்கள் எவை தெரியுமா? பாயின்டரும் செட்டரும் மட்டும். பரிசு, துப்பாக்கி! வேட்டைக்காரங்க தங்கள் வேலைக்கார நாயை நிறுத்தி அழகு பார்த்த நாள் அது. ஆறே வருஷத்துல, 1865-ல, 'அழகு போதாது, வயல்ல விட்டு வேலையைப் பார்த்துப் பரிசு கொடு'ன்னு பெட்ஃபோர்ட்ஷையர்ல களப் போட்டி வைக்க வேண்டியதாப் போச்சு. அன்னிக்குப் பிரிஞ்சது இன்னிக்கு வரைக்கும் ஒட்டல. ஒரே இனத்துல கண்காட்சி வம்சம் ஒண்ணு, களத்து வம்சம் ஒண்ணு.

வேலைங்கிறது ஒரு சல்லடை. ஓட முடியாததை, கூப்பிட்டா வராததை, மூச்சு வாங்குறதை அது தானா கழிச்சுடும். கண்ணுக்கு அழகாங்கிற சல்லடை வேற எதையோ கழிக்கும், வேற எதையோ சேர்க்கும்.

லேப்ரடாரையே எடுத்துக்கோங்க. 2016-ல கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு மரபணுக் குறையைக் கண்டுபிடிச்சாங்க. போம்க்ங்கிற மரபணுவுல 14 எழுத்து விடுபட்டிருக்கு. 'வயிறு நிறைஞ்சுடுச்சு'ங்கிற செய்தி மூளைக்குச் சரியாப் போகாது. ஏறக்குறைய நாலுல ஒரு லேப்ரடாருக்கு இது இருக்கு. பனித்தண்ணியில நாள் பூரா நீந்தி வேலை பார்த்த நாய்க்கு அந்தப் பசி பெரிய குறையா இருந்திருக்காது. பாளையங்கோட்டை மாடி வீட்டுல, 38 டிகிரி செல்சியஸ்ல, மூணு வேளையும் பால் சோறு தின்னுட்டுப் படுத்திருக்கிற நாய்க்கு அது மூட்டு வலியும் மூச்சிரைப்பும். 'எப்பப் பார்த்தாலும் பசிக்குது டாக்டர், பாவமா இருக்கு'ம்பாங்க. அதுக்கு உண்மையிலேயே பசிக்குது. அதனாலதான் அளந்து போடணும்.

ராஜபாளையம் கதை இன்னும் சோகம்.

சுத்தமான பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005-ல இந்திய அஞ்சல் துறை தபால்தலை போட்ட நாலு இந்திய நாய் இனங்கள்ல இதுவும் ஒண்ணு. சைதாப்பேட்டையில அரசு நாய் வளர்ப்புப் பிரிவு இதைக் காப்பாத்த உழைச்சிருக்கு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பத்தித் தனிப் புத்தகமே எழுதியிருக்கார். ஒரு காலத்துல ராஜபாளையத்துல புள்ளியும் பழுப்பும் கறுப்பும் பிறந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. வெள்ளைக்கு இருந்த மோகத்துல நிறம் உள்ள குட்டிகளைப் பிறந்ததுமே கழிச்சுக்கட்டினாங்க. அதாவது, கொன்னாங்க.

அப்படிக் கழிச்ச நிறத்தோட சேர்ந்து போனது காது.

எப்படின்னு சொல்றேன். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற மெலனோசைட்ங்கிற செல்கள் கருவுல ஒரே இடத்துல உருவாகி உடம்பு பூரா ஊர்ந்து போகும். அதுல ஒரு பகுதி உட்காதுக்குள்ள போய்ச் சேரும். அங்க நிறத்துக்கு வேலை இல்ல. ஆனா நத்தை எலும்புக்குள்ள இருக்கிற திரவத்தோட மின்னழுத்தத்தைக் காக்கிற திசுவுக்கு அந்தச் செல் வேணும். அது வந்து சேரலைன்னா, குட்டி பிறந்த சில வாரத்துல அந்தத் திசு சுருங்கி, கேட்கும் செல்கள் செத்துடும். வெள்ளைத் தோலைத் தேர்ந்தெடுக்கிறது சில சமயம் அந்தச் செல்லே போய்ச் சேராத உடம்பைத் தேர்ந்தெடுக்கிறதா ஆயிடும். மனுஷங்கள்லயும் இது உண்டு. முன்நெத்தியில ஒரு கத்தை வெள்ளை முடி, நீலக் கண்ணு, கூடவே காது கேளாமை. வார்டன்பர்க் சிண்ட்ரோம்னு பேர். டால்மேஷன்லயும் இங்கிலீஷ் செட்டர்லயும்கூட இதே கதைதான். அமெரிக்க டால்மேஷன்கள்ல ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்காது.

பன்றி வேட்டைக்குப் போன காலத்துல குரல் கொடுத்தாத் திரும்பாத நாயை வச்சு எவனும் குட்டி எடுத்திருக்க மாட்டான்னு நினைக்கிறேன். காவலுக்கு இருட்டுல சத்தம் கேட்காத நாய் எதுக்கு? அந்தச் சல்லடை இப்ப இல்ல. வாங்குறவர் கேக்கிறது 'மூக்கு நல்லா ரோஸா இருக்கா?'

செவிட்டுக் குட்டி முரட்டு நாயாப் பேர் வாங்கும். கூப்பிட்டா வராது, தூங்கும்போது தொட்டாத் திடுக்கிட்டுக் கடிக்கும். அடி வாங்கும், கடைசியில தெருவுக்கு வரும். 'ராஜபாளையம்னா எஜமானையே கடிக்கும்'ங்கிற கெட்ட பேர்ல இதுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு எனக்குத் தோணுது. கடி வாங்கிட்டு வர்றவங்ககிட்ட, 'நாய்க்குக் காது கேக்குமா?'ன்னு கேட்டா முழிக்கிறாங்க. யாரும் சோதிச்சதே இல்ல. (கடிச்சது வீட்டு நாய்தானேன்னு விடாதீங்க. ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே ஊசிக்கு வாங்க.)

ராஜபாளையம் குட்டி வாங்கப் போறவங்க இதைச் செய்யுங்க. குட்டிக்குக் காதுத் துவாரம் திறக்க ரெண்டு வாரம் ஆகும், அதனால ஆறு வாரத்துக்குக் குறையாம இருக்கட்டும். மத்த குட்டிகள்கிட்டருந்து பிரிச்சு, தனியா, வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கும்போது பின்னாலருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்க. கைதட்டாதீங்க, காத்து படும். காலைத் தரையில தட்டாதீங்க, அதிர்வு தெரியும். தாய், தகப்பன் ரெண்டையும் பார்க்கக் கேளுங்க, அவற்றையும் இதே மாதிரி சோதிங்க. மூக்கோ கண்ணோரமோ கொஞ்சம் கறுப்பா இருக்கிற குட்டியை 'கலப்பு'ன்னு யாராவது ஒதுக்கினா, அதை முதல்ல பாருங்க.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில தப்பிச்சுடும். அதுக்கு, பிறந்த குழந்தைக்கு நாங்க செய்யிற பெரா சோதனையையேதான் நாய்க்கும் செய்யணும். ஒவ்வொரு காதுலயும் தனித்தனியாச் சத்தம் கொடுத்து மூளைத்தண்டோட மின்னலையைப் பதிவு பண்றது. குட்டி தூங்கிக்கிட்டிருந்தாலும் எடுத்துடலாம்.